பழைய பிங்கோ பின்பால் மெஷினை ஓட வைப்பது எப்படி?

சிகாகோவின் பேலி, யுனைட்டட் போன்ற கம்பெனிகள் 1950களில் செய்த பிங்கோ பின்பால் மெஷின் ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டதா? அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

வழக்கமான பின்பாலில் பந்தைத் தட்டிவிட ஃபிளிப்பர் இருக்கும். இதில் கிடையாது. சாய்ந்த பலகையில் பெரும்பாலும் 25 துளைகள் இருக்கும், ஐந்து பந்துகளை விடுவீர்கள். பந்து விழுந்த துளையின் எண், மெஷினின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியின் கண்ணாடியில் உள்ள பிங்கோ அட்டையில் (எண் கட்டங்களில்) எரியும். மூன்று, நான்கு, ஐந்து எண்கள் ஒரே வரிசையில் சேர்ந்தால் இலவச ஆட்டங்கள் ஏறும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் உள்ளே சிப் ஒன்றுகூடக் கிடையாது. எந்த வரிசை சேர்ந்தது, எத்தனை ஆட்டம் தருவது என்ற கணக்கு முழுவதையும் ரிலேக்களும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மோட்டார்களும் சுழலும் தட்டுகளுமே போடுகின்றன. மைல் கணக்கில் வயர் ஓடும்.

இதை ஓட வைக்க நான் மிகவும் சிரமப்பட்டேன். ஃபிளிப்பர் மெஷின் பழுதுபார்க்க எவ்வளவோ அறிவுரை கிடைக்கிறது, அதில் பாதி பிங்கோவுக்குப் பொருந்தாது. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில். சட்டம், விலை எல்லாம் இங்கத்திய நிலவரம்.

1. காசு கொடுக்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

முதலில் சட்டம். பிங்கோ மெஷின்களைச் சட்டம் வெறும் விளையாட்டுப் பொருளாகப் பார்க்கவில்லை. 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இவற்றைச் சூதாட்டக் கருவிக்கான வரியின் கீழ் கொண்டுவந்தது. இன்று வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சில மாநிலங்கள் இத்தனை வருடம் பழையதாக இருந்தால் சரி என்கின்றன, சிலவற்றில் அந்தச் சலுகை இல்லை. ஒரு மாநிலத்தில் வாங்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஜான்சன் சட்டம் என்கிற மத்திய சட்டமும் குறுக்கே வரும். உங்கள் மாநிலச் சட்டத்தில் பழைய சூதாட்டக் கருவிகள் பற்றிய பிரிவைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுவது, மெஷினையே இழப்பதைவிட மலிவு.

அடுத்து, விற்பனை ரசீது. மெஷின் பெயர், தயாரித்த கம்பெனி, வரிசை எண், தேதி, விலை, இருவர் கையெழுத்து. வெற்றுத் தாளில் எழுதினால்கூடப் போதும், ஆனால் வேண்டும்.

மூன்றாவது, இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம்: அந்த மாடலுக்கே உரிய வயரிங் படம். "கிட்டத்தட்ட இதே மாதிரி மாடல்தான்" என்று யார் எதைத் தந்தாலும் ஏமாறாதீர்கள். 1951இல் வந்த பிரைட் லைட்ஸும் 1958இல் வந்த கார்னிவல் குயினும் ஒரே கம்பெனி மெஷின்கள்தான், ஆனால் உள்ளே இரண்டும் வேறு உலகம். பின்னதில் 'மேஜிக் ஸ்கிரீன்' என்ற நகரும் திரை உண்டு. விற்பவரிடம் அசல் படம் இருந்தால் அதையும் சேர்த்து விலை பேசுங்கள். இல்லாவிட்டால் நகல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். படம் கிடைக்காத மெஷினை முதல் மெஷினாக வாங்கவே வாங்காதீர்கள்.

2. விற்பவர் வீட்டில் என்ன பார்க்க வேண்டும்

டார்ச் எடுத்துப்போங்கள். "போன வருடம் வரை ஓடியது, ஒரு பியூஸ்தான் போயிருக்கும்" என்ற வசனத்தை நீங்களும் கேட்பீர்கள். அதை நம்பி விலை பேசாதீர்கள்.

முதலில் பின்பெட்டிக் கண்ணாடி. ஓவியம் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பெயின்ட் உதிர்ந்த இடங்கள் பளிச்சென்று தெரியும். மற்ற எதையும் சரி செய்யலாம், தேடலாம், வேறு மெஷினிலிருந்து எடுக்கலாம். கண்ணாடி மட்டும் போனால் போனதுதான். என் கணக்கில் மெஷின் விலையில் பாதி கண்ணாடிக்கு.

அப்புறம் பின்பெட்டியின் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். யூனிட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? உதிரிபாகத்துக்காக ஏதாவது கழற்றப்பட்டிருந்தால் வெட்டப்பட்ட வயர்கள் தொங்கும். அப்படி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எலி கடித்த வயர், கருகிய காயில் (மின்காந்தச் சுருள்), ஈரம் ஏறி உப்பிய கேபினெட் அடிப்பலகை, இவை விலையைக் குறைக்க வேண்டிய காரணங்கள். தூசி மட்டும் என்றால் கவலையே வேண்டாம். பல வருடம் யாரும் கை வைக்காத தூசி படிந்த மெஷின், அரைகுறையாகப் பழுதுபார்த்ததைவிட எவ்வளவோ மேல்.

3. தூக்கி வருவது

பிங்கோவின் பின்பெட்டி ஆழமானது, கனமானது. நிற்கும் நிலையில் நகர்த்தவே கூடாது. பின்பெட்டிக்கும் கேபினெட்டுக்கும் இடையே உள்ள பெரிய பிளக்குகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பிளக்கிலும் அதன் சாக்கெட்டிலும் ஒரே எண்ணை ஒட்டி, பிறகு கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டுகளைக் கழற்றும்போது பின்பெட்டியை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தனியாக எடுத்து, பெயின்ட் பக்கத்தில் எதுவும் உரசாமல் செங்குத்தாக வைத்து, காரின் பின்சீட்டில் கொண்டுவாருங்கள். பந்துகளையும் எடுத்துவிடுங்கள்.

4. பிளக்கைச் செருகாமல் செய்யும் வேலை

ஆவலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கட்டத்தில் மின்சாரம் கொடுக்காதீர்கள். பல வருடம் தூங்கிய மெஷினில் ஏதாவது ஒரு யூனிட் பாதி வழியில் சிக்கி நின்றிருக்கும். அதன் காயிலுக்குத் தொடர்ந்து மின்சாரம் போனால் சில நிமிடங்களில் புகை வரும்.

முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு குப்பையையும் எலி எச்சத்தையும் அகற்றுங்கள். கழன்று கிடக்கும் ஒவ்வொரு திருகாணியையும் வாஷரையும் எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். அது எங்கிருந்து விழுந்தது என்பது பிறகு தெரியவரும்.

மின்கம்பி: பழைய இருமுனைப் பிளக்கும் வெடித்த ரப்பர் வயரும் இருந்தால் மூன்று முனை உள்ளதாக மாற்றி, எர்த்தை டிரான்ஸ்ஃபார்மர் சட்டம், முன்கதவு, பக்கத்து உலோகப் பட்டைகளோடு இணைத்துவிடுங்கள். இந்த வேலை பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஐரோப்பாவுக்கு, முக்கியமாக பெல்ஜியத்துக்கு, ஏற்றுமதியான மெஷின்கள் நிறைய. அப்படிப்பட்டதாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எந்த வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே மேலே போங்கள்.

பியூஸ்: எல்லாவற்றையும் எடுத்து, படத்தில் சொன்ன ஆம்பியர்தானா என்று பாருங்கள். பழைய மெக்கானிக்குகள் 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சிலர் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருப்பார்கள்.

இப்போது முக்கியமான வேலை, ஸ்டெப்பர் யூனிட்டுகள், அதாவது படிப்படியாக நகர்ந்து எண்ணும் தொகுதிகள். இலவச ஆட்டத்தை எண்ணும் யூனிட், பரிசு அளவை (வென்றால் எத்தனை ஆட்டம் என்பதை) ஏற்றும் யூனிட் என்று பல இருக்கும். ஒவ்வொன்றிலும் பல்சக்கரம், அதைத் தள்ளும் கொக்கி, ஒரு ஸ்பிரிங், ரிவிட்டுகள் பதித்த தட்டின் மேல் ஊரும் வைப்பர் விரல்கள். காயிலின் இரும்புத் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வைப்பர் சரியாக ஒரு படி நகர வேண்டும், ஒவ்வொரு விரலும் ரிவிட்டின் நடுவில் நிற்க வேண்டும். திரும்பும் வகை யூனிட்டாக இருந்தால் ரீசெட்டை அழுத்துங்கள். எந்தப் படியில் இருந்தாலும் 'டக்'கென்று ஒரே பாய்ச்சலில் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாக ஊர்ந்து திரும்பினால் அச்சில் பழைய கிரீஸ் காய்ந்த கோந்து மாதிரி இறுகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கிரீஸின் மேலேயே எண்ணெய் விடாதீர்கள். இரண்டு நாள் ஓடும், பிறகு இன்னும் மோசமாக ஒட்டும். யூனிட்டைக் கழற்றி, ஸ்பிரிங் எத்தனை சுற்று முறுக்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, பாகங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்தபடியே மாட்டுங்கள். ரிவிட் தட்டை மெல்லிய தேய்ப்புப் பஞ்சால் பளபளவென்று தேய்த்து, தூளைத் துடைத்து, தேவைப்பட்டால் டெஃப்லான் கிரீஸை ஒரு படலமாக மட்டும் தடவுங்கள். டபிள்யூ.டி-40ஐ மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் அது, இங்கேயோ ஒவ்வொரு கான்டாக்ட்டிலும் பொறி பறக்கும்.

கன்ட்ரோல் யூனிட் என்ற பெரிய மோட்டார் தொகுதி உண்டு. நீண்ட அச்சு, அதில் வரிசையாகக் கேம்கள் (விளிம்பு மேடுபள்ளமான சக்கரங்கள்), ஒவ்வொரு கேமும் சில சுவிட்சுகளைத் திறந்து மூடும். அதைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கியர்பெட்டியில் கிரீஸ் கெட்டியாகிவிட்டது. இதைச் சுத்தம் செய்ய ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ரிலேக்களின் மெல்லிய தகடு சுவிட்சுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். "எல்லாவற்றையும் ஒரு தேய் தேய்த்துவிடலாம்" என்று அரம் எடுக்காதீர்கள். தேய்க்கும்போது ஏதாவது ஒரு தகடு வளையும், நன்றாக இருந்த இடத்தில் புதுக் கோளாறு வரும். அதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் பழைய கோளாறைவிட அதிகம். ஸ்டெப்பரைச் சுத்தம் செய்யுங்கள், பிளக் முனைகளைத் துடையுங்கள். தகடு சுவிட்சுகளைப் படம் கைகாட்டும்போது மட்டும் தொடுங்கள்.

5. முதல் முறை மின்சாரம்

காயில்களுக்கு வருவது பெரும்பாலும் 50 வோல்ட் ஏ.சி. விளக்குகளுக்கு அதைவிட மிகக் குறைவு. 50 வோல்ட்டும் நன்றாகவே உதறும். ஆனால் உண்மையான ஆபத்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் வரும் வீட்டு மின்சாரம். மெஷினை ஆஃப் செய்திருந்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை அந்தப் பகுதியில் உயிர் இருக்கலாம். மோதிரம், வாட்சைக் கழற்றிவையுங்கள். உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிவிடுங்கள்.

முதலில் காயில், மோட்டார் பியூஸ்களை எடுத்துவிட்டு விளக்குகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். வோல்ட்டேஜை மீட்டரில் பாருங்கள். சரியாக இருந்தால் மற்ற பியூஸ்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். உறுமல் சத்தம் கேட்டால் எந்தக் காயில் என்று காதாலும் மூக்காலும் தேடுங்கள். சுடும் வாடை வந்தால் அந்த நொடியே பிளக்கை உருவுங்கள். மெஷினை ஓட விட்டு அறையை விட்டு வெளியே போகாதீர்கள்.

6. வயரிங் படத்தைப் படிப்பது

பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். சின்னத் திரையில் விரலால் நகர்த்திப் பார்த்தால் கோட்டைத் தொலைத்துவிடுவீர்கள்.

படத்தின் ஓரத்தில், மெஷின் எந்த நிலையில் இருப்பதாக வைத்து வரைந்திருக்கிறார்கள் என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். படத்தில் மூடியிருக்கும் சுவிட்ச் உங்கள் மெஷினில் திறந்திருந்தால் அது பழுது என்று அர்த்தமில்லை, நிலை வேறாக இருக்கலாம்.

படிக்கும் முறை எளிது. வேலை செய்யாத காயிலை முதலில் படத்தில் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு பக்கம் நேரே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். மறுபக்கம் சுவிட்ச், சுவிட்ச், கேம் சுவிட்ச், பிளக் என்று வரிசையாக வரும். அந்தப் பாதையைத் தாளில் எழுதி, வயர் நிறத்தையும் குறித்து, நடுவிலிருந்து சோதியுங்கள். முனைக் கிளிப் மாட்டிய ஒரு வயரை வைத்துப் பாதியைத் தாண்டி இணைத்தால் காயில் இழுக்கிறதா? இழுத்தால் கோளாறு தாண்டிவந்த பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சீக்கிரமே ஒற்றைச் சுவிட்சில் வந்து நிற்பீர்கள்.

அந்தச் சுவிட்சின் கான்டாக்ட்டை மெல்லிய உரசுபட்டையால் இரண்டே இழுப்பு. பிறகு கையால் மூடிப் பாருங்கள். இரண்டு முனைகளும் தொட்ட பிறகும் தகடு இன்னும் கொஞ்சம் தள்ளப்பட வேண்டும். வெறுமனே தொட்டு நின்றால் இன்று வேலை செய்யும், நாளை செய்யாது.

7. வழக்கமான கோளாறுகள்

*காசு போட்டால் எதுவும் நடக்கவில்லை.* பியூஸ், காசு சுவிட்ச், பின்பெட்டிப் பிளக்குகள், இந்த வரிசையில் பாருங்கள். பிறகு டில்ட் ரிலே (மெஷினை அதிகமாக ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்துவது) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*கன்ட்ரோல் யூனிட் மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது.* புதியவர்கள் மிரண்டுபோகும் கோளாறு இது, ஆனால் நல்ல கோளாறு. மோட்டார் சும்மா சுற்றாது, ஏதோ ஒன்று முடிவதற்காகக் காத்திருக்கிறது. எந்த ரிலே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள், அது எதற்காகப் பிடிக்கிறது என்பதைப் படம் சொல்லும். பல நேரம் ஒரு ஸ்டெப்பர் பூஜ்ஜியத்துக்கு வந்து சேராமல் ஒரு படி முன்னால் நின்றிருக்கும், அல்லது வந்தும் அதைத் தெரிவிக்கும் சுவிட்ச் மூடியிருக்காது.

*பழைய பந்துகள் கீழே விழவில்லை.* துளைகளுக்கு அடியில் நகரும் ஷட்டர் பலகை ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கும்போது மோட்டார் அதை நகர்த்தும், பந்துகள் விழும், மறுபடி மூடும். அது முழுவதும் நகராவிட்டால் பந்து சிக்கும். பந்தின் அளவையும் பாருங்கள்: பிங்கோவுக்கு 1⅛ அங்குலப் பந்து. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஃபிளிப்பர் மெஷினுக்கான 1 1/16 அங்குலம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.

*வரிசை சேர்ந்தும் இலவச ஆட்டம் ஏறவில்லை.* பிங்கோவின் நெஞ்சே இந்தத் தேடல்தான். வென்றவர் முன்பக்கத்தில் உள்ள 'R' (ஆர்) பொத்தானை அழுத்தினால் தேடல் தட்டுகளின் வைப்பர்கள் சுழன்று ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுப் பார்க்கும். சேர்ந்த வரிசை கிடைத்தால் ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஏற்றும். இதைச் சோதிக்க மேல்கண்ணாடியை எடுத்துவிட்டு, பந்துகளைக் கையாலேயே துளையில் வைத்து ஒவ்வொரு வரிசையையும் சோதியுங்கள். எது ஏறியது, எது ஏறவில்லை என்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு வரிசையும் ஏறவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ரிலே அல்லது பொத்தான். ஒரே ஒரு வரிசை மட்டும் ஏறவில்லை என்றால் அந்த வரிசைக்கான ரிவிட் அல்லது வயர். குறிப்பிட்ட ஓர் எண் வரும் வரிசைகள் எல்லாம் ஏறவில்லை, ஆனால் அந்த எண்ணின் விளக்கு எரிகிறது என்றால், விளக்குக்கும் தேடலுக்கும் பாதை எங்கே பிரிகிறது என்று படத்தில் பாருங்கள். அந்த இடத்துக்குப் பின்னால்தான் கோளாறு. இந்தக் கட்டத்தாளை மட்டும் பொறுமையாக நிரப்பிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு இந்த மெஷின்கள் மேல் மரியாதை வந்ததே இந்தத் தேடலைப் படத்தோடு வைத்துப் பார்த்த அன்றுதான்.

*எவ்வளவு காசு போட்டாலும் பரிசு அளவு ஏறவில்லை.* அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு காசுக்கும் எதைத் தருவது என்று மிக்சர் தட்டுகளும் ஸ்பாட்டிங் தட்டும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு முடிவு செய்கின்றன. பல காசு போட்டும் ஒன்றும் கிடைக்காதது கோளாறு இல்லை, சூதாட்டத்துக்காகச் செய்த மெஷின் அப்படித்தான் இருக்கும். ரிஃப்ளெக்ஸ் யூனிட் என்ற ஒன்றும் உண்டு. ஆட்டக்காரர்கள் அதிகம் வென்றால் இறுக்கும், காசு நிறைய விழுந்தால் தளர்த்தும். அது இறுக்கமான முனையில் ஒட்டிக்கொண்டு நின்றால் எதுவுமே ஏறாத மாதிரி தோன்றும். அதைச் சுத்தம் செய்து, நகர்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதில் கை வையுங்கள்.

8. கண்ணாடி, பலகை, மட்டம்

கண்ணாடியின் பெயின்ட் பக்கத்தில் தண்ணீரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ படக்கூடாது. பெயின்ட் தூக்கியிருந்தால் துடைக்கவே துடைக்காதீர்கள். பலகையைத் துடைத்து மெழுகு போடுங்கள், ரப்பர்களை மாற்றுங்கள். கால்களைச் சரிசெய்து இடவலம் மட்டம் பாருங்கள். மட்டம் தப்பினால் பந்து எப்போதும் ஒரே பக்கத் துளைகளைத் தேடிப்போகும். மெஷினை லேசாகத் தள்ளித் தள்ளிப் பந்தை வழிநடத்துவதுதான் இந்த ஆட்டத்தின் கைத்திறன். ஆகவே டில்ட்டை மிக இறுக்கமாகவும் வைக்காதீர்கள், முழுக்கத் தளர்த்தியும் விடாதீர்கள்.

9. செலவும் காலமும்

ஓடாத பிங்கோ சில நூறு டாலருக்குக் கிடைக்கும். நன்றாக ஓடுவது ஆயிரத்துக்கு மேல் போகும். ஃபிளிப்பர் மெஷின்களைவிட விலை குறைவாக இருக்கக் காரணம், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. மீட்டர், சாலிடரிங் அயர்ன், தகடு வளைக்கும் கருவி, உரசுபட்டை, கிளிப் வயர்கள், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து நூறு டாலரைச் சுற்றி முடித்துவிடலாம். விளக்குகள், பந்துகள், ரப்பர், பியூஸ் தனி. விளக்குகளை மொத்தமாக வாங்குங்கள், ஒன்றிரண்டாக வாங்கினால் அனுப்பும் செலவே அதிகம். பெரிய செலவு வண்டி வாடகைதான், தூரத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள்.

காலம்? வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதிகளில் மட்டும் செய்தால் சில மாதங்களுக்குத் தயாராக இருங்கள். சுத்தம் செய்வதற்கே முதல் மாதம் போய்விடும். அதைக் குறுக்கினால் கோளாறு தேடும் காலம் நீளும்.

ஒருவேளை வெளியாளைக் கூப்பிட வேண்டி வந்தால், ஃபிளிப்பர் மெஷின் பார்ப்பவர் என்பதற்காக மட்டும் கூப்பிடாதீர்கள். பிங்கோவில் வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் வருவதற்குள் மூன்றைத் தயாராக வையுங்கள்: வயரிங் படம், நீங்கள் நிரப்பிய கட்டத்தாள், எந்தெந்த இடத்தில் கை வைத்தீர்கள் என்ற தேதிவாரிப் பட்டியல். மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு இந்த மூன்றும் கையில் கிடைத்தால் உங்கள் பில் பாதியாகக் குறையும்.